கால் இஞ்ச் மார்ஜினும் கப்பலில் வந்த லூப்பரும்

ஓவர்லாக் அடிக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் போர்ட் பிளேர் டாலிகஞ்சில் பஸ் ஏறினால், பஜாரில் இறங்கும்போது உடம்பில் காலரும் நாலு பட்டனும்தான் மிஞ்சும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வயது வரைக்கும், இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஊருக்கே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் நம்பிய நம்பிக்கை இது. துணி என்பது எப்போது நழுவலாம் என்று சமயம் பார்க்கும் நூல்களின் கும்பல். அதை அடக்கிவைத்திருப்பது, வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றி அடைக்கும் ஓவர்லாக் மிஷின். இதுதான் என் தொழில் ஞானம்.

போன வருடம் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். குனியாத டெய்லருக்கு ரிட்டயர்டு டெய்லர் என்று பெயர். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் ஷாதிபூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கும் பெண்கள் குழுவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. “அண்ணே, எங்ககிட்ட சாதா மிஷின்தான் இருக்கு. ஓவர்லாக் இல்லாம ஓரத்த எப்படிண்ணே முடிக்கிறது? பிசிறு பிசிறா வருது.” நானும் பதிலுக்குப் பேசி அனுப்பினேன். நடுவில் இருமலும் சிரிப்பும் அதிகம், ஒன்றும் புரியவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். எப்படி முடிப்பது என்பதோடு, எப்படி முடிக்கக் கூடாது என்பதும் இதில் இருக்கிறது. இரண்டாவது பாடத்தில் என்னை மிஞ்ச இந்தத் தீவில் ஆளில்லை.

நான் தொழில் கற்ற கதை சின்னது. ராமநாதபுரத்துக்காரன். பதினெட்டு வயதில் திருப்பூர் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் நாலு வருடம் ஓவர்லாக் டெய்லர். காலையிலிருந்து தோள்பட்டை, தோள்பட்டை, தோள்பட்டை. ஒரு பனியனை முழுசாக நான் பார்த்தது கடைவீதியில் தொங்கும்போதுதான். பிறகு மச்சான் ஒருவர் கூப்பிட்டார் என்று கப்பலேறி, வழியெல்லாம் கடலுக்குப் படையல் போட்டுக்கொண்டே போர்ட் பிளேர் வந்து இறங்கினேன். டாலிகஞ்சில் ஒரு பாய் வைத்திருந்த தையல் கடையில் சேர்ந்தேன். அங்கேதான் வெட்டக் கற்றேன். அங்கேயும் ஒரு ஓவர்லாக் மிஷின் இருந்தது. அதனால் என் மதம் மாறவில்லை.

பாய்க்கு முட்டிவலி வந்து ஊருக்குப் போனதும் கடை அவர் மகள் சபுராவின் கைக்கு வந்தது. என்னைவிட ஏழு வயது இளையவள். சபுராவைப் பற்றிச் சொல்லாமல் தையலைப் பற்றிச் சொல்ல முடியாது. எந்த உடுப்பைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவாள். மடியில் விரித்து, கட்டைவிரல் நகத்தைத் தையல் ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுப்பாள். எங்காவது நகம் சிக்கினால் ஒன்றும் சொல்லமாட்டாள். உடுப்பை இடதுபக்கம் வைப்பாள். இடதுபக்கம் போனது திரும்பி என்னிடம் வரும். வெளிப்பக்கத்தை அவள் பார்த்து நான் கண்டதே இல்லை. “வெளிய எல்லாரும் பாப்பாங்கண்ணே. உள்ள போடுறவதான் பாப்பா” என்பாள்.

குரலை உயர்த்தவே மாட்டாள். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமாக நான் ‘முனியண்ணே’. எரிச்சல் வந்தால் ‘மாஸ்டர்’. நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் ‘சார்’. பதினைந்து வருடத்தில் நான் ஐந்து தடவை சார் ஆகியிருக்கிறேன். அதில் இரண்டு ஒரே வாரத்தில். அந்த வாரம்தான் இது.

துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள தையல் கடைகளிலெல்லாம் துணி கூரை வரை அடுக்கியிருந்த நேரம். கட்சால் தீவிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர்க் காட்டில் குடியேறிய குடும்பம். இங்கே மின்னி பேயில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். மகள் கலைவாணிக்குச் சென்னைப் பக்கம் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல். சேரும் நாளிலேயே யூனிஃபார்மில் வர வேண்டும் என்று காலேஜ் கடிதத்தில் இருந்தது. துணியை அளந்து காலேஜே அனுப்பியிருந்தது: நாலு டாப், நாலு பேன்ட், ஆகாய நீலம். இந்தத் துணி தீவில் எந்தக் கடையிலும் கிடையாது.

திரைக்குப் பின்னால் சபுரா அளவெடுத்தாள். நான் இந்தப் பக்கம் குறித்துக்கொண்டிருந்தேன். அளவுகளுக்கு நடுவே அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

“அக்கா, அக்குள்ல கெட்டியா தைக்கச் சொல்றீங்களா? ப்ளஸ் டூ பிராக்டிகல்ல கையத் தூக்கினேன். அப்படியே பிரிஞ்சிருச்சு. பசங்கல்லாம் இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போகல.”

“டைட்டாவும் இருக்கக் கூடாது, பிரியவும் கூடாது. அவ்ளோதான?” என்றாள் சபுரா.

“அவ்ளோதான்க்கா.”

நான் வெட்டினேன். திருப்பூர்க் கை. தையலுக்கு விடும் மார்ஜின் கால் இஞ்ச், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. ஓவர்லாக்குக்கு அது போதும். மிச்சம் பிடித்த துணியில் கலைவாணிக்கு நாலு குட்டிப் பைகள் தைத்தேன், ஜிப் வைத்து. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை ஓவர்லாக் மிஷினில் முதல் டாப்பை வைத்தேன். ‘டக்’ என்றது. அவ்வளவுதான். வங்காளி மெக்கானிக் பிஸ்வாஸ் தாதா வந்து மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நூலை வளைத்து இழுக்கும் கொக்கி மாதிரி ஒரு கம்பி இருக்கும், லூப்பர் என்று பெயர். உப்புக்காற்றில் துரு ஏறி அது இரண்டாக ஒடிந்திருந்தது.

“அரே முனி, லூப்பர் தோ கயா” என்றார். போய்விட்டதாம், யாரோ காலமான மாதிரி. “மெயின்லேண்ட் சே ஆயேகா.”

மெயின்லேண்டிலிருந்து வர வேண்டுமென்றால் கப்பல். சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். அடுத்த கப்பல் வியாழக்கிழமை வருகிறது. நான் விரல்விட்டு எண்ணி நிம்மதியானேன். சபுராதான் கேட்டாள்:

“வியாழக்கிழமை வர்ற கப்பல்தான வெள்ளிக்கிழமை திரும்பிப் போகுது?”

“ஆமா.”

“கலைவாணி போறது அதுலதான?”

லூப்பரைக் கொண்டுவரும் கப்பலே பெண்ணைக் கொண்டுபோகும் கப்பல். நடுவில் ஒரே ஒரு பகல். எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு பேன்ட்டை அலசியிருக்கலாம். உடனே செயலில் இறங்கினேன்: டீக்கடைக்குப் போனேன். அங்கிருந்து இன்னொரு டெய்லரிடம் போனேன். “பூஜா டைம் ஹை பாய், தஸ் தின் பாத் ஆவோ” என்றார். பத்து நாள் கழித்து வா! இன்னும் மூன்று கடைக்குப் போனேன், மூன்றிலும் பூஜை. திரும்பி வந்தபோது எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. அதாவது, வந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

சபுரா வெட்டிய துணிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓவர்லாக் இல்லைன்னா என்னண்ணே? பிரெஞ்சுத் தையல் போட்டுடலாம்ல?”

பிரெஞ்சுத் தையல் என்றால் தெரியுமல்லவா? துணியின் உள்பக்கத்தை உள்பக்கத்தோடு சேர்த்து ஒரு தையல், திருப்பிப் போட்டு இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே சிறைப்பட்டுவிடும். அருமையான முறை. ஆனால் அதற்கு மார்ஜின் அரை இஞ்சாவது வேண்டும்.

“எவ்ளோ மார்ஜின் விட்டீங்க?” என்றாள்.

“வழக்கமா விடுறதுதான்.”

“வழக்கம்னா?”

“கால்.”

“கால் இஞ்சா? எல்லாத்துலயுமா?”

“ஓவர்லாக்குக்கு அது போதும்ல தங்கச்சி.”

அவள் டேப்பை எடுத்து ஒருமுறை அளந்தாள். “கால்ல வெட்டினத அரையில தைச்சா, ரெண்டு பக்கமும் சேத்து சுத்தளவுல ஒரு இஞ்ச் போயிரும் மாஸ்டர். அந்தப் புள்ள கையத் தூக்கினா என்ன ஆகும்?” மாஸ்டர் ஆகிவிட்டேன். “மிச்சத் துணி எங்க?”

நான் நாலு குட்டிப் பைகளையும் மேசைமேல் வைத்தேன். ஒன்றின் ஜிப்பை இழுத்துக் காட்டினேன், நன்றாக ஓடியது. அவள் சிரிக்கவில்லை.

“பிரிங்க. சோதிச்சுப் பாக்க அதாவது ஆகும்.”

அவள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போன நேரத்தில் எனக்குள் ஒரு மேதை விழித்துக்கொண்டான். பாலியஸ்டர் ரிப்பன் ஓரத்தை நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், எல்லா டெய்லருக்கும் தெரியும். இந்தத் துணியிலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறதே! பையில் சோதிக்கும் பொறுமை மேதைகளுக்குக் கிடையாது. நேராக ஒரு டாப்பின் கைத்துணியை எடுத்தேன், மெழுகுவத்தி ஏற்றினேன், ஓரத்தை அப்படியே ஓட்டினேன். பாலியஸ்டர் உருகியது. கூடவே இருந்த பருத்தி கருகியது. ஓரம் முழுக்கக் கறுப்பாக, மணி மணியாக, அரிசி பொரித்த மாதிரி. தொட்டால் கையைக் கீறியது. சபுரா உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். கைத்துணியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் ஒவ்வொரு மணியிலும் நின்று நின்று போனது.

“சார்,” என்றாள், “இத அக்குள்ல வச்சுக்கிட்டு நீங்க ஒரு நாள் டியூட்டி பாப்பீங்களா சார்?”

ஒரே வாக்கியத்தில் இரண்டு. நல்லவேளை, நான் கருக்கியது அக்குள் பக்கம் இல்லை, மணிக்கட்டுப் பக்கம். அங்கே ஒரு இஞ்ச் மடிப்பு உண்டு. கருகியதை நறுக்கி எறிந்துவிட்டு மடிப்பைச் சிறியதாக்கினோம். துணி பிழைத்தது. நான் பிழைத்தேனா என்று அப்போது தெரியவில்லை.

பிறகு அவள் முறைப்படி சோதித்தாள். பைகளைப் பிரித்து எடுத்த துண்டுகளில் ஒன்றின் ஓரத்தை ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டினோம். இன்னொன்றில் ஓரத்தை ஒட்டி வெறும் தையல் போட்டோம். மூன்றாவதில் கையால் சுற்றிச் சுற்றி ஊசி வைத்தோம். நான்காவதில் ஓரத்துக்கு மேல் ஒரு மெல்லிய துணிப்பட்டியைக் கவிழ்த்துத் தைத்தோம். நாலையும் வாளியில் போட்டு, “ஹாஸ்டல்ல எப்படித் துவைப்பாங்களோ அப்படித் துவைங்க மாஸ்டர்” என்று சோப்பையும் பிரஷ்ஷையும் என்னிடம் கொடுத்தாள். கல்லில் போட்டுத் தேய்த்தேன். என் கோபம் முழுவதும் அதில் இறங்கியது.

ஜிக்ஜாக் கத்தரி ஓரம் தாவணிக் குஞ்சலம் மாதிரி ஆனது. இழை நெருக்கமான துணிக்கு அது ஆகும். இந்தத் துணிக்கு இல்லை. வெறும் தையல் வரை பிசிறு வந்து நின்றது, கால் இஞ்சில் பாதி காலி. கைத்தையல் அசையவே இல்லை. ஆனால் ஒரு செட்டில் பதினாறு மீட்டர் ஓரம், நாலு செட். அதைக் கையால் முடிப்பதற்குள் கலைவாணி படித்து முடித்து வேலைக்கே போயிருப்பாள். பட்டி வைத்த துண்டு அப்படியே இருந்தது. சபுரா நகத்தை ஓட்டினாள். சிக்கவில்லை. வலதுபக்கம் வைத்தாள்.

“மார்ஜின இது தின்னாது. ஓரத்து மேல தொப்பி போட்ட மாதிரிதான். இதான் வழி, முனியண்ணே.” அண்ணன் பதவி திரும்பி வந்தது.

பட்டிக்கு மெல்லிய, மெத்தென்ற பருத்தி வேண்டும். கடையில் இருந்த லைனிங் எல்லாம் மொடமொடப்பு. வீட்டில் என் புது மல் வேட்டி ஒன்று இருந்தது. மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கியது. தயங்கித் தயங்கி என் மனைவி சரசுவிடம் சொன்னேன். “தாராளமா கிழிங்க. அதக் கட்டிக்கிட்டு நீங்க நடந்தா கால் ரெண்டும் கொடிக்கம்பம் மாதிரி தெரியும்” என்று அவளே மடித்துக் கொடுத்தாள்.

இனி வேலை. குழுப் பெண்கள் இங்கே பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேட்டியை முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவைத்தோம். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கிவிட வேண்டும். பிறகு மூலைக்கு மூலை மடித்து, குறுக்கே, அதாவது சாய்வாக, கோடு போட்டு, ஒரு இஞ்ச் அகலப் பட்டிகளாக வெட்டினோம். நேராக வெட்டிய பட்டி வளைவில் முரண்டு பிடிக்கும். குறுக்கே வெட்டியது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். பட்டிகளைச் சாய்வாகவே ஒட்டுப்போட்டு நீளமாக்கிச் சுருட்டி வைத்தோம்.

டாப்பில் அக்குளுக்கும், பேன்ட்டில் கவட்டைக்கும் இரட்டைத் தையல்: முதல் தையலுக்கு வெளியே, ஒரு நூல் இடைவெளியில் இரண்டாவது. அப்புறம் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, நீட்டியிருக்கும் பிசிறுகளை மட்டும் கத்தரித்து, பட்டியை ஓரத்தோடு ஓரம் வைத்து அரைக்கால் இஞ்சில் ஒரு தையல். பட்டியை இழுக்கக் கூடாது. இழுத்தால் தையல் சுருங்கும். பிறகு அதை ஓரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் திருப்பி, நுனியை உள்ளே மடித்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரு அழுத்து. ஈரத்துணி வைத்துத்தான் அழுத்த வேண்டும். அதன்பின் கடைசித் தையல். இஸ்திரி போடாமல் தாண்டிப் போகலாம் என்று நான் இரண்டு தடவை முயன்றேன். இரண்டும் இடதுபக்கம் போயின.

அக்குளில் பக்கத் தையலும் டாப்பின் கைக்கு அடியில் வரும் தையலும் சந்திக்கும் இடம் கட்டியாகிவிடும். அங்கே சபுரா ஒன்றை முன்பக்கம் சாய்த்தாள், மற்றதைப் பின்பக்கம் சாய்த்தாள். கட்டி இரண்டாகப் பிரிந்து படிந்துவிட்டது. இந்த ஒரு சாய்ப்புக்கே அவளுக்குச் சம்பளம் தரலாம். ஆனால் சம்பளம் தருகிறவளே அவள்தான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். கரண்ட் போனாலும் கால் மிஷின் ஓடியது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. பட்டியின் நுனியை நகத்தால் உள்ளே மடித்துக்கொண்டே இருக்கும்போது பயப்படக் கை ஒழியாது. புதன்கிழமை மாலைக்குள் மூன்று செட் முடிந்தது. கலைவாணி வந்து முதல் டாப்பைப் போட்டுப் பார்த்தாள். சபுரா, “கையத் தூக்கு” என்றாள். அவள் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“இன்னும் தூக்கட்டாக்கா?”

“கூரைய இடிச்சிராத” என்றார் அவள் அம்மா.

வியாழக்கிழமை கப்பல் வந்தது. துறைமுகத்துக்குப் போய்ப் பார்சலை நானே வாங்கினேன். பகல் இரண்டு மணிக்குப் பிஸ்வாஸ் தாதா லூப்பரை மாட்டி மிஷினை ஓட்டிக் காட்டினார். கர்ர்ர் என்று அது பாடியது. என் விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. நாலாவது செட் வெட்டியபடி கிடந்தது.

“இதையும் பட்டியே வச்சிருவோம்ணே. நாளைக்குக் காலைல வரைக்கும் நேரம் இருக்கு” என்றாள் சபுரா.

“அதான் மிஷின் வந்திருச்சே தங்கச்சி! பத்து நிமிஷ வேலை.”

“அதோட கத்தி ஓரத்தக் கொஞ்சம் தின்னுட்டுத்தான் தைக்கும். இருக்கறதே கால். இழை வேற லூசு.”

“நான் திருப்பூர்ல நாலு வருஷம்...”

“உங்க இஷ்டம், மாஸ்டர்.”

ஓட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனியில் வாங்கியது மாதிரி இருந்தது. சபுரா நகத்தை ஓட்டினாள், சிக்கவில்லை. ஆனாலும் அதை வலதுபக்கமும் வைக்கவில்லை, இடதுபக்கமும் வைக்கவில்லை, நேராகப் பார்சலில் வைத்தாள். வெள்ளிக்கிழமை கப்பல் போனது.

அடுத்த மே மாத விடுமுறையில் கலைவாணி கடைக்கு வந்தாள். நாலு டாப்பையும் கொண்டுவந்திருந்தாள், பேன்ட் நீளம் இறக்க வேண்டும் என்று இரண்டு பேன்ட்டும். சபுரா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி மடியில் போட்டாள். பட்டி வைத்த மூன்றும், பட்டியில் நீலம் ஏறியிருந்ததைத் தவிர, கொடுத்தபடியே இருந்தன. நாலாவது டாப்பின் இடது அக்குளில் ஓவர்லாக் நூல் கயிறு மாதிரித் தனியாகக் கிடந்தது. துணி அதற்குள்ளிருந்து நழுவி வெளியே வந்திருந்த இடத்தில் யாரோ கையால் ஒரு பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. “போட்டிருந்தப்பவாம்மா?” என்றேன்.

“இல்லண்ணே. துவைக்கும்போது பாத்தேன். நல்லவேளை.” அவள் சிரித்தாள். “பார்சல்ல அக்கா ஒரு பட்டிச் சுருள் வச்சிருந்தாங்கள்ல, அத எடுத்துக் கையாலேயே வச்சுத் தைச்சுக்கிட்டேன்.”

சபுரா பட்டிச் சுருள் வைத்தது எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் டாப்பை வாங்கிக் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். பட்டி ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் ஒடுக்கம். ஊசி ஒரு எட்டு முன்னே, இரண்டு எட்டு பின்னே.

“குடும்மா, பிரிச்சு ஒழுங்கா தைச்சுத் தர்றேன்.”

“வேணாம்ணே, இருக்கட்டும். நல்லாத்தான் நிக்குது.”

பேன்ட் நீளத்தை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். மூன்றாம் வருடம் காலேஜில் யூனிஃபார்ம் நிறத்தை மாற்றும் வரை அந்த நாலு டாப்பையும் அவள் போட்டாள். அவள் கையால் தைத்த இடம் பிரியவில்லை.